மஞ்சள் கடுதாசியில் அழியாத கடன்

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஒருவர் நொடித்துப்போனால் ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’ என்றோ ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்றோ சொல்வார்கள்; சொல்லும்போதே குரல் தானாகத் தாழ்ந்துவிடும். என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவர், 1997 இல் தொடங்கிய இரும்புக் கடையை 2020 பிப்ரவரியில் மூடினார். அடுத்த ஆண்டு சார்பு நீதிமன்றத்தில் நொடிப்பு மனு போட்டார். மனு போட்டது அண்ணமிண்டிக்கும் (அண்ணியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) பிள்ளைகளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஆடிட்டர் அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கும் தெரியாது. 2022 ஆம் ஆண்டின் இறுதியில் வருமான வரித் துறையின் மதிப்பீட்டு ஆணை வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டு துணிப்பைகளில் காகிதங்களை எடுத்துக்கொண்டு என் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்தார். “ஐ.பி. போட்டால் வரி பாக்கியும் போய்விடும் என்றுதானே சொன்னார்கள், தம்பி?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

போகாது. இதை அவருக்கு மனு எழுதித் தந்தவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவரைப் போலவே நம்பிக்கொண்டிருக்கும் வேறு சிலரையும் அதன் பிறகு நான் சந்தித்திருப்பதால், எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது கடமை என்று நினைக்கிறேன்.

2016 இல் புதிய திவால் சட்டம் வந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தில் தனிமனிதர்களுக்கான பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. சொந்தப் பெயரில் கடை நடத்தி நொடித்துப்போன ஒரு வியாபாரிக்குச் சிவகங்கை மாவட்டத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இன்றும் பொருந்துவது 1920 ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். நூறு ஆண்டுகளைக் கடந்த அந்தச் சட்டத்தை அன்றிரவே எடுத்து முழுவதும் படித்தேன். ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று சொல்லும் சட்டம் அது. தொகைகள் பழையவை என்றாலும் பிரிவுகள் உயிரோடுதான் இருக்கின்றன.

அதன் 61 ஆம் பிரிவு, திவாலானவரின் சொத்தை விற்று வரும் பணத்தில், நிர்வாகச் செலவு போக, யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அரசாங்கத்துக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் வர வேண்டிய கடன்கள், மனுவுக்கு முந்தைய நான்கு மாதங்களுக்கான குமாஸ்தா, வேலையாள், கூலியாள் சம்பளம் ஆகியவை மற்ற எல்லாக் கடன்களுக்கும் முன்னால் நிற்கின்றன. அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை. பணம் போதாவிட்டால் சரிவிகிதத்தில் பங்கு. சமம் என்று படித்துவிட்டு நிம்மதி அடைய முடியவில்லை, ஏனென்றால் சம்பளத்துக்குச் சட்டத்தின் மூல வாசகம் வைத்திருக்கும் உச்ச வரம்பு இருபது ரூபாய். அண்ணன் கடையில் பதினாறு ஆண்டுகள் மூட்டை இறக்கியவருக்கு முன்னுரிமை இருபது ரூபாய் அளவுக்கு. அரசாங்கத்துக்கோ வரம்பே இல்லை. 1920 இல் இருபது ரூபாய் ஒருவரின் சம்பளமாக இருந்திருக்கும். அதை மாற்றாமல் விட்டது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

அதைவிட முக்கியமானது 44 ஆம் பிரிவு. திவாலானவருக்கு நீதிமன்றம் விடுவிப்பு ஆணை கொடுத்தால் அவருடைய பழைய கடன்கள் தீர்கின்றன. அதற்காகத்தான் மனிதர்கள் இந்த அவமானத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். ஆனால் அந்த ஆணை நான்கு வகைக் கடன்களைத் தொடுவதில்லை. முதலாவதாக எழுதியிருப்பது அரசாங்கத்துக்குத் தர வேண்டிய கடன். அதற்குப் பிறகுதான் மோசடியால் ஏற்பட்ட கடனும், மோசடியால் தவணை வாங்கிய கடனும், ஜீவனாம்சமும் வருகின்றன. கைமாற்றுக் கடன், சிமெண்டு கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி, வட்டிக்கடைக் கடன் எல்லாம் போகலாம். வருமான வரியும் ஜி.எஸ்.டி.யும் நிற்கும். ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும்: முன்னுரிமை கொடுக்கும் 61 ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பின் பெயர் இருக்கிறது, விடுவிப்பிலிருந்து விலக்கும் 44 ஆம் பிரிவில் அரசாங்கம் மட்டுமே இருக்கிறது. நகராட்சிச் சொத்து வரி பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தங்கள் வக்கீலிடம் எடுத்துக் காட்டிப் பேச வேண்டும்.

இதை 2016 ஆம் ஆண்டின் சட்டத்தோடு ஒப்பிட்டால் மனம் கனக்கிறது. அதன் 178 ஆம் பிரிவில், நிர்வாகச் செலவு, தொழிலாளர்களின் இருபத்து நான்கு மாதப் பாக்கி, அடமானக் கடன், மற்ற ஊழியர்களின் பன்னிரண்டு மாதச் சம்பளம் ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகுதான் அரசாங்கம் வருகிறது. அதுவும் கடைசி இரண்டு ஆண்டு பாக்கிக்கு மட்டும் அந்த இடம். அந்தச் சட்டத்தில் விடுவிப்புக்கு அப்பாற்பட்ட கடன்கள் என்று நீதிமன்ற அபராதம், ஜீவனாம்சம், கல்விக் கடன் போன்றவற்றைச் சொல்லும் இடத்தில் வரி இல்லை. ஆகவே பெரிய கம்பெனிக்கு ஜாமீன் நின்ற முதலாளிக்கு ஒரு நியாயமும், சொந்தப் பெயரில் இரும்புக் கடை வைத்தவருக்கு வேறொரு நியாயமும் இந்த நாட்டில் ஒரே காலத்தில் நடக்கின்றன. தனிமனிதர்களுக்கான பகுதி முழுவதும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரிக்கடன் அழியாது என்றால், அது எவ்வளவு என்பதைச் சரியாக்குவதில்தான் மனிதனுடைய முயற்சிக்கு இடம் இருக்கிறது. அண்ணனின் பைகளைக் கொட்டிப் பார்த்தபோது எனக்கு விளங்கியது இதுதான்: அவர் கட்டத் தவறிய வரி ஒரு பங்கு என்றால், ரிட்டர்ன் போடாத காரணத்தால் அதிகாரிகள் தாங்களே ஊகித்துப் போட்ட வரி மூன்று பங்கு. பிரிக்கப்படாத தபால் உறைகள் பதினொன்று இருந்தன. ஜி.எஸ்.டி. நோட்டீஸ்களோ தபாலில் வரவே இல்லை. அவை இணையதளத்தில் ஏற்றப்பட்டிருந்தன, அதுவே சட்டப்படி சேர்ப்பித்ததாகும். கடையை மூடிய பிறகு அந்தத் தளத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடை நொடிக்கும்போது வியாபாரி முதலில் நிறுத்துவது கணக்கு எழுதுவதைத்தான். தோல்வியைத் தன் கையெழுத்தில் எழுதிப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை. அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஓராண்டுக் கணக்குதான் மற்ற இருபத்து மூன்று ஆண்டுக் கணக்குகளைவிட விலை மதிப்புள்ளது.

ஜி.எஸ்.டி. கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்குக் கடனுக்குக் கம்பி கொடுத்தவர். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கம்பி கொடுத்துப் பில் போட்டால், அந்த மாதமே பதினெட்டாயிரம் ரூபாய் வரி அவர் தலையில் ஏறுகிறது. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் தந்தாரா இல்லையா என்று சட்டம் கேட்பதில்லை. நூற்றெண்பது நாளுக்குள் பணம் தராவிட்டால், வாங்கியவர் தான் எடுத்த வரி வரவை, அதாவது கழித்துக்கொண்ட வரியைத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் விற்றவர் கட்டிய வரி அவருக்குத் திரும்புவதற்கு வழி இல்லை. வராக்கடனுக்கு ஜி.எஸ்.டி.யில் நிவாரணம் கிடையாது. அதோடு, வரியை முழுவதும் கட்டாமல் 3பி என்னும் மாத ரிட்டர்னை அந்தத் தளத்தில் தாக்கல் செய்யவும் முடியாது. கையில் பணம் இல்லாதவர் ‘என் வரி இவ்வளவு’ என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கவும் வழியில்லாமல் போகிறது. 2019 செப்டம்பர் முதல் அண்ணனின் ரிட்டர்ன்கள் நின்றுபோனது இப்படித்தான்.

கடையை மூடிய பிறகு நடந்ததைத் தடுத்திருக்க முடியும் என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. 2020 மார்ச் முதல் வியாபாரமே இல்லை. ஆனால் பதிவை ஒப்படைக்கவில்லை. வியாபாரம் இல்லாத மாதத்துக்குப் போடும் வெற்று ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு இருபது ரூபாய்தான்; 2021 ஜூன் மாதத்திலிருந்து அதன் உச்சத்தையும் ரிட்டர்னுக்கு ஐந்நூறு ரூபாய் என்று குறைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாத ரிட்டர்ன் நிலுவையில் இருந்ததால் வெற்று ரிட்டர்னையும் போட முடியவில்லை. துறை 62 ஆம் பிரிவின்படி பழைய விற்பனையை அளவாக வைத்து, மூடிய கடைக்கும் சேர்த்து வரியை ஊகித்துவிட்டது. அதன் மேல் பதினெட்டு சதவீத வட்டி.

இந்தப் பிரிவிலேயே ஒரு கதவு இருக்கிறது. ஊக ஆணை கிடைத்த குறிப்பிட்ட நாட்களுக்குள் உண்மையான ரிட்டர்னை வரியோடு தாக்கல் செய்தால், ஆணை தானாகவே திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். முன்பு முப்பது நாள் என்று இருந்ததை 2023 அக்டோபர் முதல் அறுபது நாள் ஆக்கி, கூடுதல் கட்டணத்தோடு மேலும் அறுபது நாளும் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ கடந்திருந்தது. நல்ல காலமாக, 2023 பிப்ரவரி 28 க்குள் இப்படி ஆணை பெற்றவர்கள் ரிட்டர்னைத் தாக்கல் செய்தால் ஆணை நீங்கும் என்று மத்திய அரசு அந்த ஆண்டு ஒரு சலுகை அறிவித்தது. ஜூன் 30 என்ற கெடு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. அண்ணனின் மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினான். நானும் அண்ணமிண்டியும் மூன்று வாரம் பில் புத்தகங்களோடு உட்கார்ந்து, ஆறு மாதத்துக்கும் உண்மையான விற்பனையை எடுத்து, ஆகஸ்ட் 24 ஆம் தேதி கடைசி ரிட்டர்னைப் போட்டோம். ஊகித்த வரி மறைந்தது. உண்மையான வரி கட்டப்பட்டது. பதிவு ரத்தாகும்போது கையிருப்புச் சரக்கின் மேல் எடுத்திருந்த வரி வரவைத் திருப்ப வேண்டும் என்ற விதிப்படி ஒரு தொகையும் வந்தது, அதையும் கட்டினோம்.

இன்று இதைப் படிப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. மாறாக, கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு கடந்த ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தாக்கல் செய்யவே முடியாது என்று சட்டம் மாறிவிட்டது, தளத்திலும் அடைத்துவிட்டார்கள். கடை தள்ளாடுகிறது என்று தெரிந்த உடனேயே, கடன் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால்கூட, நிலுவை ரிட்டர்ன்களை முடித்துப் பதிவை ஒப்படைத்துவிடுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாதபோது ஒப்புக்கொண்ட வரிக்குத் தவணை கேட்கக்கூடாதா என்றால், 80 ஆம் பிரிவு இருபத்து நான்கு மாதத் தவணையைத் தருகிறது. ஆனால் ரிட்டர்னில் தானாக ஒப்புக்கொண்ட வரிக்கு அது பொருந்தாது, துறை கேட்டுவரும் நிலுவைக்குத்தான்.

வருமான வரியில் இப்படிப்பட்ட பூட்டு இல்லை. வரியைக் கட்டாமலே ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியும். துறை பின்னால் வந்து கேட்கும், வட்டி ஓடும், ஆனால் வருமானம் எவ்வளவு என்று முதலில் சொன்னவர் நீங்கள் ஆவீர்கள். இந்த வேறுபாட்டை அண்ணன் அறியவில்லை. ‘பணம் இல்லாமல் எப்படித் தாக்கல் செய்வது’ என்று இருந்துவிட்டார். ரிட்டர்ன் வராததால் மதிப்பீட்டு அதிகாரி 144 ஆம் பிரிவின்படி, ஜி.எஸ்.டி. தளத்தில் தெரிந்த விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று தாமாகவே வைத்து வரி போட்டார். நொடித்த ஆண்டுக்கு லாபம்! அந்த ஆணையைப் படித்தபோது அண்ணன் சத்தமில்லாமல் அழுதார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அவர் என்னிடம் வந்தபோது ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒன்பது நாளில் நாங்கள் கையில் எடுத்த முக்கியமான ஆயுதம் வராக்கடன். ஒப்பந்தக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி வராது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, கணக்கில் எழுதித் தள்ளினாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2010 இல் டி.ஆர்.எஃப். வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த விற்பனை முன்பே வருமானமாகக் கணக்கில் வந்திருக்க வேண்டும், எழுதித் தள்ளுவது வியாபாரம் நடந்த ஆண்டாக இருக்க வேண்டும். அண்ணன் 2019–20 ஆம் ஆண்டுக் கணக்கை டிசம்பருக்குப் பிறகு எழுதவில்லை என்றாலும், சிட்டையில், அதாவது நாள்வழிக் கணக்கில், ஒரு பக்கத்தில் ஒவ்வொரு ஒப்பந்தக்காரர் பெயருக்கும் எதிரே ‘வாராது’ என்று எழுதித் தேதியிட்டுக் கோடு கிழித்திருந்தார். கோபத்தில் எழுதியதாம். அந்த ஒரு பக்கத்தைப் பில்களோடும் பேரேட்டோடும் கோத்துக் கூடுதல் ஆதாரமாகக் கொடுத்தோம். அதிகாரியை நேரில் பார்க்காமல் இணையம் வழியாக நடக்கும் முகமறியா மேல்முறையீட்டில் முடிவு வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று; துறை கேட்ட வரியில் பெரும்பகுதி நீங்கியது.

நீங்காத இழப்பு ஒன்று உண்டு. வியாபார நட்டத்தை அடுத்து வரும் எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்ல வேண்டுமானால் ரிட்டர்னை உரிய கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். பின்னால் போடும் ‘அப்டேட்டட்’ ரிட்டர்ன் வசதி நட்டத்தைக் காட்டுவதற்குப் பயன்படாது. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஆணையரிடம் மனுச் செய்யலாம், அதற்கும் ஐந்து ஆண்டு வரம்பு. திவாலானவருக்கு நட்டம் எதற்கு என்று தோன்றும். அவர் மறுபடியும் தொழில் செய்து நாலு காசு பார்க்கும் நாளில் அதுதான் அவருக்கு மிஞ்சிய முதல்.

இங்கே நகரத்தார் கணக்கு முறையைப் பற்றி ஒரு சொல். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன கடைகளிலிருந்து ஊருக்கு ஐந்தொகை (வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் கூட்டி எடுக்கும் முடிவுக் கணக்கு) வந்துகொண்டிருந்த மண் இது. பெட்டியடியில் உட்கார்ந்த பையனுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அன்றன்றைய கணக்கை அன்றன்றைக்கே முடிப்பதை. எங்கள் ஐயா நட்டமான ஆண்டுக்கும் பிள்ளையார் சுழி போட்டு ஐந்தொகை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். 1920 ஆம் ஆண்டுச் சட்டமும் கணக்குப் புத்தகத்தை அதே மரியாதையோடு பார்க்கிறது. சாதாரணக் கடன் தீர்ப்பில் கணக்குப் புத்தகங்களை ஜப்தி செய்ய முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு சொல்கிறது. கட்டிய துணி, சமையல் பாத்திரம், தொழிலாளியின் கருவி, கழற்றக் கூடாத தாலி ஆகியவற்றோடு அதுவும் ஜப்தியிலிருந்து விலக்கு. நொடிப்புச் சட்டமோ மற்ற விலக்குகளையெல்லாம் ஏற்றுக்கொண்டு, கணக்குப் புத்தகத்தை மட்டும் தனியாகக் குறிப்பிட்டு, திவாலானவரின் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் அமர்த்தும் ரிசீவரிடம் சேர்க்கிறது. மனு ஏற்கப்பட்ட உடனே புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும். மோசடி எண்ணத்தோடு அழித்தால் சிறை. விடுவிப்புக் கேட்கும்போது, முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு வியாபாரத்துக்கு வழக்கமான கணக்குகளை வைக்காதிருந்தால் முழு விடுவிப்பை நீதிமன்றம் மறுக்க வேண்டும் என்று 42 ஆம் பிரிவு சொல்கிறது. சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூடத் தேறாததற்கும் அதே தண்டனை, தன் பொறுப்பில்லாத காரணத்தால் அப்படி ஆயிற்று என்று காட்டினால் ஒழிய. எப்படிக் காட்டுவது? கணக்கால்தான்.

புத்தகங்களை ரிசீவரிடம் ஒப்படைப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள், ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் அப்படிச் செய்ததால்தான் மேல்முறையீட்டில் சிட்டையைக் காட்ட முடிந்தது.

அடுத்தது யாரும் எதிர்பாராத வரி. கோவிலூர் சாலையில் அண்ணன் 1998 இல் இரண்டு லட்சத்துக்கு வாங்கிய கிடங்கு வங்கி அடமானத்தில் இருந்தது. அடமானம் பெற்றவர் நொடிப்பு நடவடிக்கைக்கு வெளியே நின்று அடமானச் சொத்தை விற்றுக்கொள்ளலாம். வங்கி 2022 நவம்பரில் நாற்பத்து இரண்டு லட்சத்துக்கு ஏலம் விட்டது. முழுத் தொகையும் கடனுக்குப் போயிற்று, அண்ணன் கைக்கு ஒரு காசும் வரவில்லை. ஆனால் மூலதன ஆதாய வரி அவர் மேல்தான். தானே வைத்த அடமானத்தைத் தீர்த்த தொகையை விலையிலிருந்து கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997 இல் ஜெகதீஷ்சந்திரன் வழக்கிலும் 2001 இல் அத்திலி நாராயண ராவ் வழக்கிலும் சொல்லியிருக்கிறது. மனு போட்ட பிறகு பிறந்த கடன் என்பதால் இது மனுவின் கடன் பட்டியலிலும் இல்லை.

இந்த இடத்தில் பழைய காகிதம் கைகொடுக்கும். 2001 ஏப்ரல் 1 க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதிய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். நிலம், கட்டடம் என்றால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பை மிஞ்சக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001 ஆம் ஆண்டின் வழிகாட்டி மதிப்புக்கு விண்ணப்பித்து வாங்கினேன். நான்கு லட்சம் வந்தது. அடக்க விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தும் பணவீக்கக் குறியீடு 2022–23 க்கு 331, அதாவது 3.31 மடங்கு. இரண்டு லட்சத்தை வைத்திருந்தால் அடக்கம் ஆறு லட்சத்து அறுபத்து இரண்டாயிரம். நான்கு லட்சத்தால் அது பதின்மூன்று லட்சத்து இருபத்து நாலாயிரம் ஆயிற்று. இருபது சதவீத வரியில் ஒரு லட்சத்து முப்பத்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய் குறைந்தது. கடை மூடிய அதே ஆண்டில் ஏலம் நடந்திருந்தால் அந்த ஆண்டின் வியாபார நட்டத்தையும் இந்த ஆதாயத்தில் கழித்திருக்கலாம். முந்தைய ஆண்டின் நட்டம் வியாபார லாபத்தில் மட்டுமே கழியும். 2024 ஜூலை 23 முதல் விற்பவர்களுக்குக் குறியீடு இல்லாத பன்னிரண்டரை சதவீதம் வந்துவிட்டது. அதற்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு இங்கே குடியிருக்கும் தனிநபர்கள் இரண்டில் குறைவான வரியைத் தேர்ந்துகொள்ளலாம்.

பங்காளிகள் சேர்ந்து உரிமை கொண்ட வளவு வீட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு, அதாவது மணமான குடும்பங்களுக்குப் பங்கு இருக்கும். ரிசீவருக்குப் போவது நொடித்தவரின் பிரிபடாத பங்கு மட்டுமே. மற்றப் பங்காளிகளின் உரிமை போவதில்லை. அந்தப் பங்கை அயலார் ஏலத்தில் எடுத்துப் பாகப்பிரிவினை கேட்டால், குடும்பத்தினர் அதை மதிப்பு விலைக்கு வாங்கிக்கொள்ள 1893 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. பெண் கொண்டுவந்த சீர், நகை எல்லாம் பெண்ணுக்குச் சொந்தம், கணவனின் கடனுக்குப் போகாது. சீர்ப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் நொடிக்கும் தறுவாயில் பங்கை மனைவி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவைப்பது தப்பிக்கும் வழி அல்ல. இரண்டு ஆண்டுக்குள் திவாலானால் நொடிப்புச் சட்டத்தின் 53 ஆம் பிரிவு அதைக் கலைக்கும். வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது எழுதினால் வருமான வரிச் சட்டத்தின் 281 ஆம் பிரிவு அதை வரியைப் பொறுத்தவரை செல்லாததாக்கும். அண்ணனுக்கும் அப்படி எழுதச் சொல்லி ஆலோசனை வந்தது. அண்ணமிண்டிதான் வேண்டாம் என்று நின்றார்.

அப்பாவின் வரிக்கடன் பிள்ளைகள் தலையில் ஏறுமா என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. வருமான வரியில் வாரிசின் பொறுப்பு, இறந்தவரிடமிருந்து கிடைத்த சொத்தின் அளவோடு நிற்கும். ஜி.எஸ்.டி.யில் வியாபாரத்தை மூடிவிட்டால் அப்படியே. மகன் அதே கடையைத் தொடர்ந்து நடத்தினால் முழுப் பொறுப்பும் அவருடையது. ஆகவே நிலுவையைப் பார்க்காமல் பழைய கடைப் பெயரில் தொடர வேண்டாம்.

மிஞ்சிய வருமான வரியை எப்படிக் கட்டுவது என்பதற்கும் வழிகள் உண்டு. கேட்பு அறிவிப்பு கிடைத்த முப்பது நாளுக்குள் எழுதிக் கேட்டால் அதிகாரி தவணை தரலாம். அந்த நாளைத் தவறவிட்டால் உரிமையாகக் கேட்க இடமில்லை. நிலுவை மேல் மாதம் ஒரு சதவீத வட்டி ஓடும். உண்மையான கஷ்டம், நம் கையை மீறிய காரணம், விசாரணைக்கு ஒத்துழைப்பு ஆகிய மூன்றையும் காட்டினால் அந்த வட்டியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ 220 ஆம் பிரிவு ஆணையருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஐ.பி. மனுவின் நகலும் ஏல விற்பனைச் சான்றும் கஷ்டத்துக்கு ஆதாரமாக நின்றன. 2026 ஏப்ரல் 1 ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட 2025 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் இந்தப் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய ஆண்டுகளின் பாக்கிக்கு 1961 ஆம் ஆண்டுச் சட்டமே பேசும்.

அண்ணன் திவாலானவர் என்று 2023 இல் அறிவிக்கப்பட்டார். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக்கு மனுச் செய்ய வேண்டும், தவறினால் அறிவிப்பே ரத்தாகிக் கடன்காரர்கள் பழையபடி வந்துவிடுவார்கள் என்பதால், அந்தத் தேதியை அண்ணமிண்டி நாட்காட்டியில் சிவப்பு மையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். விடுவிப்புக் கிடைத்துவிட்டது. இப்போது அவர் உறவினர் கடையில் கணக்கு எழுதுகிறார்; வரித் தவணையை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கட்டிவிட்டுச் சலான் நகலை எனக்கு அனுப்புகிறார்.

1997 முதலான பேரேடுகள் இன்னும் ரிசீவர் அலுவலகத்தில் இருக்கின்றன. கடைசி ஐந்து ஆண்டுப் புத்தகங்களையாவது திருப்பித் தருமாறு கேட்கும் மனுவை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.